விழுந்த கதையைச் சொல்வது எப்படி?

சிறு வயதில் விழுந்து எழும்பாதவர் யார்? ஆனால், கேட்டவர் மறக்காதபடி அதைச் சொல்லக்கூடியவர் சிலரே. உண்மைச் சம்பவமொன்றைக் கதையாகச் சொல்லும் முறைபற்றி இன்று சற்றுச் சிந்திப்போம். உதாரணத்துக்கு என்னையே எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு அப்போது 9 வயது. மத்தியானச் சாப்பாட்டின் பின் ஐயா கண்ணயர்ந்த வேளை, அவருடைய சைக்கிளை ஒழுங்கைக்கு உருட்டிச் சென்றேன். சீற்றில் இருந்தால் கால் எட்டாது. பாருக்குக் கீழால் காலை விட்டு மிதித்தேன். முடக்கில் ஆடொன்று குறுக்கே வர, கிடுகுவேலியோடு போய் விழுந்தேன். முன்சில்லு நெளிந்துவிட்டது.

இதைக் கலியாண வீடுகளிலே பல தடவை சொல்லியிருக்கிறேன். ஆட்டைக் கிடாயாக்கிக் கொம்பும் வைப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள், உடனே மறந்தும்விடுவார்கள். நடந்ததில் பாதியைத்தான் நான் சொல்லிவந்தேன் என்பது பின்னரே விளங்கியது.

மற்றப் பாதி இது. சைக்கிளைச் சுவரோடு சாத்திவிட்டு, "காத்துக்கு விழுந்திட்டுது ஐயா" என்றேன். அன்று ஓரிலைகூட அசையவில்லை. அவர் சில்லைப் பார்த்தார். என் முழங்காலில் வடிந்த இரத்தத்தையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் விடியுமுன் எழும்பி, மூன்று மைல் தூரம் வேலைக்கு நடந்து போனார்.

1925 முதல் 'நவஜீவன்' இதழில் தொடராக வந்த தமது சுயசரிதையிலே, 15 வயதில் தமையனாரின் பொற்காப்பிலிருந்து சிறிது பொன் திருடியதைக் காந்தியடிகள் சொல்கிறார். திருடிய விதத்தை அவர் விரிக்கவில்லை. குற்றத்தை எழுதிய தாளை, நோயுற்றிருந்த தந்தையாரிடம் நடுங்கியபடி கொடுத்ததையும், அவர் கண்ணீர் வடித்து அதனைக் கிழித்துப் போட்டதையுமே விரித்துரைக்கிறார். படித்தவர் மனத்தில் நிற்பதும் அந்தத் தாள்தான்.

சொல்ல நாக்கூசும் இடம் எதுவோ, அங்கேதான் கதை இருக்கிறது. அந்த வயதுப் பிள்ளை கண்டதை, கண்ட ஒழுங்கிலேயே சொல்லுங்கள். சில்லும் இரத்தமும் போதும். 'மிகவும் வருந்தினேன்' என்று விளக்கவேண்டியதில்லை. சுவைக்காக நடவாததைச் சேர்க்கவும் வேண்டாம். நானும் ஆட்டின் கொம்பைக் கழற்றிவிட்டேன்.

ஐயாவின் அந்தியேட்டியன்றுதான் முழுக்கதையையும் முதன்முறை சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சற்றுப் பொறுத்து, மூலையிலிருந்த முதியவர் ஒருவர், "என்னட்டையும் அப்பிடி ஒண்டு கிடக்கு, தம்பி" என்று தொடங்கினார்.