வீட்டு வாசலில் ஒரு புகையிரதப் பலகை

பிரித்தானியாவில் சில வீடுகளின் இலக்கம் கனத்த வார்ப்பிரும்புத் தகட்டிலோ, எனாமல் பூசிய பலகையிலோ இருப்பதை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். புகையிரதப் பாலங்களிலும் நிலையங்களிலும் மாட்டப்பட்டிருந்த பலகைகளின் பாணி இது.

1948இல் இந்நாட்டுப் புகையிரதச் சேவைகள் அரசுடைமையானபோது, ஒவ்வொரு பிராந்தியத்தின் நிலையப் பலகைகளுக்கும் ஒரு நிறம் வகுக்கப்பட்டது. தெற்கிற்குப் பச்சை, மேற்கிற்கு மண்ணிறம், ஸ்கொட்லாந்துக்கு இளநீலம். 1963இல் பீச்சிங் அறிக்கை வெளிவந்ததைத் தொடர்ந்து ஏராளமான கிராமத்து நிலையங்கள் மூடப்பட்டன. கழற்றப்பட்ட பலகைகளைச் சேகரிப்போர் வாங்கினர். வண்டி வராத ஊர்களின் பெயர்கள் இப்படித்தான் வீட்டுச் சுவர்களுக்கு வந்து சேர்ந்தன.

எம்மவர்க்கு இது விளங்காத விடயமல்ல. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்கு குழிகளுக்குப் போயின. 2014இல்தான் யாழ்ப்பாணத்துக்கும், 2015இல் காங்கேசன்துறைக்கும் வண்டி மீண்டும் ஓடியது.

அசல் பலகைகள் விலை கூடியவை. எனாமல் உடைந்த இடத்தில் துருவும் பிடிக்கும். அதே பாணியில் புதிதாகச் செய்வித்தால் போதும். இலக்கம் பெரிதாக, தெருவிலிருந்து தெரியவேண்டும். நள்ளிரவில் அம்புலன்ஸில் வருபவர் முதலில் தேடுவது அதைத்தான்.

இலக்கத்தின் கீழே கொடிகாமம், சாவகச்சேரி, சுன்னாகம் என்று உங்கள் ஊர் நிலையத்தின் பெயரைத் தமிழில் எழுதுவிக்கலாம். அது எங்கே இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். சொல்லிக்கொடுங்கள்.