தோல் தொழில் வட்டாரத்தில் நீண்டகால நிதித் திட்டமிடல்: ஆம்பூர், வேலூர்ப் பகுதிகளை முன்வைத்து நிதி ஆலோசகரின் பணி

ஆய்வுச் சுருக்கம்

தொழிலாளர் குடும்பத்தின் நீண்டகால நிதி இலக்குகள் நிறைவேறுவது முதலீட்டுத் தேர்வை மட்டும் சார்ந்ததன்று. ஆலோசனை கூறுவோர் எவ்வழியில் வருவாய் ஈட்டுகின்றனர் என்பதையும் சார்ந்தது. தோல் தொழில் வட்டாரத் தொழிலாளர்க்கு மிகுந்த பயன் தரும் ஆலோசனை, கூறுவோர்க்குத் தரகு எதனையும் ஈட்டித் தருவதில்லை. இம்முரணை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நிதி ஆலோசகர், வருங்கால வைப்பு நிதி, தரகு, ஓய்வூதியம், ஆம்பூர்.

முன்னுரை

பாலாற்றுப் படுகையில் அமைந்த ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடுதலுக்கும் காலணி உற்பத்திக்கும் பெயர் பெற்றவை. 2019ஆம் ஆண்டு வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபின் இவை வேலூர், திருப்பத்தூர், இராணிப்பேட்டை மாவட்டங்களில் அடங்குகின்றன. காலணி ஆலைகளில் பெண்கள் பெருமளவில் பணிபுரிகின்றனர். இத்தொழில் ஏற்றுமதியை நம்பியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களின் மீதான சுங்கவரியை 50 விழுக்காடாக உயர்த்தியதுபோன்ற நிகழ்வுகள் ஆலைகளின் வேலைநாள்களை நேரடியாகப் பாதிக்கின்றன. வருவாய் நிலையற்றதாயினும் மகளின் படிப்பு, திருமணம், சொந்த வீடு, முதுமைக்கால வாழ்வு ஆகிய இலக்குகள் மாறுவதில்லை.

ஆலோசகர் எனப்படுபவர்

இந்தியப் பங்குப் பரிவர்த்தனை வாரியமான செபி, 2013ஆம் ஆண்டு முதலீட்டு ஆலோசகர்களுக்கான ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது. அவற்றின்படி பதிவுபெற்ற ஆலோசகர் வாடிக்கையாளரின் வருவாய், கடன், இலக்கு, இழப்பைத் தாங்கும் திறன் ஆகியவற்றை ஆராய்ந்த பின்னரே பரிந்துரை வழங்க வேண்டும். கட்டணத்தை வாடிக்கையாளரிடமே பெற வேண்டும். அவருக்குப் பரிந்துரைத்த திட்டத்திற்காக விற்பனைத் தரகு பெறுதல் கூடாது. ஆனால் நாடு முழுமைக்கும் இத்தகையோர் ஏறத்தாழ ஆயிரம் என்ற அளவிலேயே உள்ளனர். மாதம் 12,000 ரூபாய் ஈட்டும் தொழிலாளி அவர்களை அணுகுவது அரிது. எனவே காப்பீட்டு முகவரும், சீட்டு நடத்துபவரும், முதலீட்டு நிறுவனத்திற்கு ஆள் சேர்க்கும் அண்டை வீட்டாருமே நடைமுறையில் ஆலோசகர் ஆகின்றனர். இவர்களுள் நேர்மையாளர் பலர் உளர். எனினும் இவர்களின் வருவாய் விற்பனையிலிருந்தோ ஆள் சேர்ப்பதிலிருந்தோ வருகிறது.

இதன் கடுமையான விளைவை இவ்வட்டாரம் கண்டுள்ளது. காட்பாடியை மையமாகக் கொண்டு இயங்கிய ஐ.எஃப்.எஸ். நிறுவனம், வங்கி ஓராண்டில் தரும் வட்டிக்கு நிகரான தொகையை ஒரே மாதத்தில் தருவதாகக் கூறிப் பல்லாயிரம் பேரிடம் பணம் திரட்டியதாகத் தமிழகக் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு 2022இல் வழக்குப் பதிந்தது. அதற்கு முன்னர், 2019இல் பெங்களூருவில் வீழ்ச்சியுற்ற ஐ மானிட்டரி அட்வைசரி நிறுவனம், ஆலோசனை என்னும் பொருள்தரும் சொல்லைத் தன் பெயரிலேயே கொண்டிருந்தது. வட்டியில்லா இலாபப் பங்கு என்ற வாக்குறுதியே அங்கு இசுலாமிய முதலீட்டாளர்களை ஈர்த்தது. வட்டியைத் தவிர்க்க விரும்பும் குடும்பங்கள் மிகுந்த ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளுக்கும் அதில் பாடம் உண்டு. சமய நெறியைக் கேட்டறிந்து அதற்கேற்ற முறையான வழியைக் காட்டும் ஆலோசகர் இல்லாத இடத்தை, முறையற்ற திட்டங்கள் நிரப்பிவிடுகின்றன.

தரகு ஈட்டாத ஆலோசனை

ஆலைத் தொழிலாளியின் கையிலுள்ள மிகப்பெரிய நீண்டகாலச் சேமிப்பு ஊழியர் வருங்கால வைப்பு நிதியாகும். எடுத்துக்காட்டாக, 12,000 ரூபாய் ஊதியம் பெறுபவரிடம் 12 விழுக்காடாக 1,440 ரூபாய் பிடிக்கப்படுகிறது. முதலாளியும் அதே அளவு செலுத்துகிறார். அதில் ஏறத்தாழ 1,000 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்திற்கும் 440 ரூபாய் வைப்பு நிதிக்கும் செல்கின்றன. ஆக, வைப்பு நிதியில் மாதந்தோறும் சேர்வது 1,880 ரூபாய். ஊதியம் உயராமல், 2024-25ஆம் ஆண்டின் 8.25 விழுக்காட்டு வட்டி தொடர்வதாகக் கொண்டால், 20 ஆண்டுகளில் இத்தொகை ஏறத்தாழ 11 லட்சம் ரூபாயாகும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆலை மாறும்போது கணக்கை முடித்துச் செலவிட்டால், ஒவ்வொரு முறையும் கிடைப்பது சுமார் 1.38 லட்சம், நான்கு முறையும் சேர்த்து 5.5 லட்சம்.

ஓய்வூதிய இழப்பு இதனினும் பெரிது. 1995ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டப்படி மாத ஓய்வூதியம் பெறக் குறைந்தது 10 ஆண்டுப் பணிக்காலம் தேவை. ஓய்வூதியத்திற்குரிய ஊதியத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்தால் ஓய்வூதியம் கிடைக்கும். மேற்கண்ட தொழிலாளிக்கு 20 ஆண்டுப் பணிக்காலம் அறுபடாதிருப்பின், 58 வயது முதல் மாதம் குறைந்தது 3,428 ரூபாய் உண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்தவர்க்கு, எந்தப் பணிக்காலமும் 10 ஆண்டை எட்டாமையால், அது அறவே இல்லை.

இவ்விழப்பைத் தவிர்க்கும் வழி எளியது. 2014இல் அறிமுகமான பொதுக் கணக்கு எண்ணைக் கொண்டு பழைய கணக்கைப் புதிய ஆலைக்கு மாற்றலாம். தவிர்க்கவியலாது வைப்பு நிதியை எடுக்க நேரினும், ஓய்வூதியப் பங்கை எடுக்காமல் திட்டச் சான்றிதழ் பெற்றுப் பணிக்காலத்தைக் காக்கலாம். இவ்விரண்டையும் எடுத்துரைப்பவர்க்கு ஒரு ரூபாயும் தரகு கிடையாது. அதனாலேயே அவற்றை எடுத்துரைப்பாரும் அரியர்.

கட்டாயமும் ஆலோசனையும்

சட்டத்தால் தடுப்பது இதற்குத் தீர்வாகாது. முதலாளியின் பங்கை 58 வயது வரை எடுக்கவியலாது என 2016 பிப்ரவரியில் நடுவண் அரசு விதித்தது. ஏப்ரலில் பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், திரண்டு போராடியதையடுத்து அவ்விதி திரும்பப் பெறப்பட்டது. முதுமைக்கான சேமிப்பாக அரசு கருதிய தொகை, அவர்களுக்கு வேலையிழந்த நாளின் சோறாகவும் பள்ளிக் கட்டணமாகவும் இருந்தது. எனவே நல்ல ஆலோசகர் கேட்க வேண்டிய முதல் வினா, பணத்தை எங்கு முதலிடுவது என்பதன்று. எந்தச் செலவு வைப்பு நிதியை உடைக்கச் செய்கிறது என்பதாகும். மூன்று மாதச் செலவுக்கான இருப்பைத் தனியே திரட்டுதல், கணக்கை முடிக்காமல் பகுதித் தொகையை மட்டும் பெறுதல், அதன்பின்னரே பிற இலக்குகளுக்கான திட்டங்களைத் தேர்தல் என்ற வரிசை இவ்வினாவிலிருந்தே பிறக்கிறது.

முடிவுரை

தனி ஆலோசகரின் கட்டணத்தை ஒரு தொழிலாளி தாங்கவியலாது. ஓர் ஆலையின் தொழிலாளர் சேர்ந்து தாங்கவியலும். 2023 ஜனவரி முதல் மாதந்தோறும் மாவட்ட அளவில் நடத்தப்படும் வைப்பு நிதிக் குறைதீர் முகாம்களும் தொழிற்சங்கங்களும் பதிவுபெற்ற ஆலோசகர்களும் ஆலை வாயிலில் இணையும்போது, தரகு ஈட்டாத ஆலோசனைக்கும் ஓர் இடம் உருவாகும். பணி விலகல் படிவத்தில் கையொப்பமிடும் நாளே அதற்குரிய நாள்; அன்று கிடைக்கும் ஒரு சொல் 20 ஆண்டுக்காலச் சேமிப்பைக் காக்கவல்லது.