யாரும் அறிவிக்காத நாள்களை ஏன் கொண்டாடுகிறார்கள்?

பொங்கலுக்கு விடுமுறை விட அரசாணை உண்டு. யோகா நாளுக்கு 2014-இல் ஐ.நா. பொதுச்சபையே தீர்மானம் போட்டது. ஆனால் செப்டம்பர் 19 அன்று கடற்கொள்ளையரைப் போலப் பேச வேண்டும் என்றோ, மே 25 அன்று துண்டோடு வெளியே போக வேண்டும் என்றோ, மார்ச் 14 மதியம் சரியாக 1.59-க்குப் பலகாரம் வெட்ட வேண்டும் என்றோ எந்த அரசும் சொல்லவில்லை. இருந்தும் ஆண்டுதோறும் பல நாடுகளில் இவை நடக்கின்றன. இந்த நாள்களையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்?

யாருமில்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஃப்ளின்ட் நகரில் வில்லியம் சேஸ், ஹாரிசன் சேஸ் என்ற சகோதரர்கள் 1957-இல் ஒரு நாள்காட்டி நூலைத் தொடங்கினார்கள். எந்தத் தேதியில் எந்த விழா, யாருடைய பிறந்தநாள், எந்த ஊரில் என்ன கொண்டாட்டம் என்று தொகுத்துத் தருவது அதன் வேலை. பத்திரிகைக்காரர்களும் வானொலிக்காரர்களும் அதைப் பார்த்துச் செய்தி சொன்னார்கள். புதிதாக ஒரு நாளைச் சேர்க்க விரும்புகிறவர்கள் அந்த நூலுக்கு எழுதிப் போட்டார்கள். இப்படி வணிகச் சங்கங்களும் கம்பெனிகளும் தனி மனிதர்களும் ஆயிரக்கணக்கான நாள்களை உருவாக்கியிருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை காகிதத்தோடு சரி. ஒரு பொருளை விற்பதற்கென்றே உண்டான நாளில், அதை வாங்குவதைத் தவிர நாம் செய்ய வேறொன்றும் இருப்பதில்லை. நிலைத்த நாள்களைக் கவனித்தால், ஒவ்வொன்றிலும் எவரும் செய்யக்கூடிய எளிய காரியம் ஒன்று இருக்கிறது. அதைக் கூட்டாகச் செய்ய ஒரு காரணமும் இருக்கிறது. அந்தக் காரணம் நாளுக்கு நாள் மாறுகிறது.

கடற்கொள்ளையர் நாளின் காரணம் வெறும் நட்புதான். 1995 ஜூன் 6 அன்று ஆரிகன் மாநிலத்தில் ஜான் பார், மார்க் சம்மர்ஸ் என்ற இரு நண்பர்கள் ராக்கெட்பால் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்தின் நடுவே சினிமாக் கொள்ளையர் பாணியில் ஒருவரையொருவர் சீண்டிப் பேச ஆரம்பித்தவர்கள், இதற்கென ஆண்டுக்கு ஒரு நாள் வேண்டும் என்று அங்கேயே முடிவெடுத்தார்கள். ஜூன் 6 இரண்டாம் உலகப்போரின் நார்மண்டிப் படையிறக்க நாள். அதில் விளையாட்டு வேண்டாம் என்று, சம்மர்ஸின் முன்னாள் மனைவியின் பிறந்தநாளான செப்டம்பர் 19-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தேதி சம்மர்ஸுக்கு மறக்காது என்பதுதான் காரணம். ஏழு ஆண்டுகள் அது நண்பர்களுக்குள்ளேயே இருந்தது. 2002-இல் நகைச்சுவைப் பத்தி எழுத்தாளர் டேவ் பேரி அதைப் பற்றி எழுதினார். உடனே உலகம் முழுக்கப் பரவியது.

அன்று எல்லோரும் 'ஆர்ர்ர்' என்று உறுமுவதற்கும் ஒரு வரலாறு உண்டு. நிஜக் கொள்ளையர்கள் அப்படிப் பேசியதாகச் சான்று கிடையாது. 1950-இல் டிஸ்னி எடுத்த 'ட்ரஷர் ஐலண்ட்' படத்தில் ராபர்ட் நியூட்டன் என்ற நடிகர் கொள்ளையனாக நடித்தார். தென்மேற்கு இங்கிலாந்தில் பிறந்த அவர், அந்த வட்டாரத்தில் 'ர'கரத்தை அழுத்தி உச்சரிக்கும் வழக்கத்தை மிகைப்படுத்திப் பேசினார். பிறகு வந்த சினிமாக் கொள்ளையர்கள் பலரும் அவர் குரலில்தான் பேசுகிறார்கள்.

துண்டு நாள் பிறந்தது துக்கத்தில். ஆங்கில எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸ் 2001 மே 11 அன்று கலிஃபோர்னியாவில் திடீரென்று மாரடைப்பால் இறந்தார். வயது 49. 1978-இல் பிபிசி வானொலி நாடகமாகத் தொடங்கி அடுத்த ஆண்டு நாவலாக வந்த அவருடைய 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு த கேலக்ஸி', விண்வெளியில் லிஃப்ட் கேட்டுப் பயணம் செய்கிறவர்களின் கதை. அப்படிப்பட்ட பயணிக்குத் துண்டைவிடப் பயனுள்ள பொருள் இல்லை என்று அதில் விரிவாக வாதிடப்படும். ஆசிரியர் இறந்து இரண்டு வாரம் கழித்து, மே 25 அன்று, வாசகர்கள் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். அதுவே ஆண்டுதோறும் தொடர்கிறது. 2015-இல் இத்தாலிய விண்வெளி வீராங்கனை சமந்தா கிறிஸ்டோஃபொரெட்டி சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்தே அந்த நூலை வாசித்துக் காட்டினார்.

இது எனக்கு மிகவும் பிடித்த நாள். நம்மூரில் தோளில் துண்டோடு நடப்பவரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். லண்டன் தெருவில் பார்ப்பார்கள். அதனால்தான் அது அங்கே அடையாளமாகிறது. ஒரே எழுத்தாளரை இழந்த இருவர், முன்பின் அறியாதவர்கள், ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தபடி ஒருவரையொருவர் கண்டுகொள்ள முடிகிறது. இரங்கல் கூட்டத்துக்குப் போக முடியாத சாதாரண வாசகர்களுக்கு இது ஒன்றுதான் வழி.

நவம்பர் 11-இன் கதை வேறு மாதிரி. திருமணமாகாதவரை நாம் ஒண்டிக்கட்டை என்கிறோம். சீனாவிலும் அவருக்கு வெறுங்கட்டை என்றுதான் பெயர். 11/11 என்று எழுதினால் நான்கு கட்டைகள் தனித்தனியே நிற்கின்றன. 1993 வாக்கில் நான்ஜிங் பல்கலைக்கழக மாணவர்கள் இதை ஒற்றையர் நாளாக வைத்துக்கொண்டார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. கல்யாணம் எப்போது என்று வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கும் சமூகத்தில், தனியாக இருப்பவர்கள் ஒன்றுகூடிச் சாப்பிட்டுச் சிரிக்க ஒரு நாள் கிடைத்தது. 2009-இல் அலிபாபா நிறுவனம் அதே நாளில் 27 விற்பனையாளர்களுடன் தள்ளுபடி விற்பனை தொடங்கியது. அக்டோபர் தேசிய நாள் விடுமுறைக்கும் புத்தாண்டுக்கும் நடுவே வியாபாரம் மந்தமாக இருக்கும் காலம் அது. 2012-இல் அந்த நிறுவனம் 'இரட்டைப் பதினொன்று' என்ற பெயரையே தன் வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொண்டது. 2021-இல் அந்த விற்பனையின் அளவு 54,000 கோடி யுவான். இன்று அது தனியாக இருப்பவர்களின் நாள் என்பது வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? விடுதி அறையில் மாணவர்களுக்கு ஆறுதலாக இருந்த ஒன்று கடையோடு கரைந்துபோனதை நான் இழப்பாகத்தான் பார்க்கிறேன்.

ஜப்பானில் அதே நான்கு கோடுகளைச் சாக்லேட் பூசிய பாக்கி பிஸ்கட் குச்சிகளாகப் பார்த்தார்கள். தென்கொரியாவில் அது பெப்பெரோ குச்சி. அங்கே நவம்பர் 11 அரசு அறிவித்த விவசாயிகள் நாளும்கூட. கடைக் குச்சிக்குப் பதிலாக நம் அரிசியில் செய்த நீளமான கரேத்தொக் பலகாரத்தைச் சாப்பிடுங்கள் என்று அங்கே பிரசாரமே நடக்கிறது.

எதிர்த் திசையில் போனது பை நாள். விளையாட்டாகத் தொடங்கி உலக அங்கீகாரம் பெற்றது இது. வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் எந்த வட்டத்துக்கும் ஒரே எண்தான் வரும்: 3.14159 என்று முடிவில்லாமல் ஓடும் பை. அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவதால் மார்ச் 14 அவர்களுக்கு 3/14. சான் ஃபிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரட்டோரியம் என்ற அறிவியல் அருங்காட்சியகம் இருக்கிறது. அணுகுண்டு ஆய்வகத்தை வழிநடத்திய ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி ஃபிராங்க் 1969-இல் தொடங்கியது. எதையும் கையால் தொட்டு, இயக்கிப் பார்த்துக் கற்கும் இடம். அங்கே பணியாற்றிய இயற்பியலாளர் லாரி ஷா 1988 மார்ச் 14 அன்று சக ஊழியர்களோடு ஒரு வட்டத்தைச் சுற்றி ஊர்வலம் வந்தார். பிறகு, பழம் வைத்துச் சுட்ட வட்டமான பலகாரத்தை எல்லோரும் சாப்பிட்டார்கள். அந்தப் பலகாரத்துக்கும் ஆங்கிலத்தில் 'பை' என்றே பெயர். 3.14-க்கு அடுத்த இலக்கங்கள் 1, 5, 9 என்பதால் 1.59 மணி. அன்று ஐன்ஸ்டைனின் பிறந்தநாள் என்பதைப் பிறகு ஷாவின் மகள் கவனித்துச் சொன்னாராம்.

வேறு பல நாள்கள் மறைய இது மட்டும் ஏன் பரவியது? கணக்கு ஆசிரியர்களால். பரீட்சை இல்லாமல், மதிப்பெண் இல்லாமல் கணக்கைக் கொண்டாட அவர்களுக்கு அதுவரை ஒரு நாள் இருந்ததில்லை. கணக்கு என்றாலே வயிற்றைக் கலக்கும் பிள்ளையும் ஒரு துண்டுப் பலகாரத்துக்காக வட்டத்தை அளக்கும். 2009-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை இந்த நாளை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2019-இல் யுனெஸ்கோ மார்ச் 14-ஐச் சர்வதேசக் கணித நாளாக அறிவித்தது. அதே ஆண்டு மார்ச் 14 அன்று கூகுள் ஊழியர் எம்மா ஹருகா இவாவோ பையை 31.4 லட்சம் கோடி இலக்கங்கள் வரை கணக்கிட்டதாக அறிவிப்பு வந்தது. அந்தக் கணக்கின் வேர் கும்பகோணத்தில் வளர்ந்த ஒருவரிடம் போய்ச் சேர்கிறது. ராமானுஜன் 1914-இல் வெளியிட்ட பை சூத்திரங்கள் வியக்கத்தக்க வேகத்தில் விடையை நெருங்குபவை. 1985-இல் பில் காஸ்பர் அவற்றில் ஒன்றைக் கணினியில் ஏற்றி 1 கோடியே 75 லட்சம் இலக்கங்களைக் கண்டார். அதே வழியைப் பின்பற்றிச் சுட்னோவ்ஸ்கி சகோதரர்கள் உருவாக்கிய சூத்திரம்தான் இவாவோ பயன்படுத்தியதும்.

நடைமுறைக்கு இத்தனை இலக்கங்கள் வேண்டியதில்லை. கோள்களுக்கு விண்கலம் அனுப்பும் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகமே தன் துல்லியமான கணக்குகளுக்குத் தசமப் புள்ளிக்குப் பின் 15 இலக்கங்களோடு நிறுத்திக்கொள்கிறது.

நாம் நாளை முதலில் எழுதுகிறவர்கள். நமக்கு 14/3-இல் பை தெரியாது. ஆனால் ஜூலை 22 நமக்கு 22/7. பள்ளியில் மனப்பாடம் செய்த அதே பின்னம். உலகில் பல இடங்களில் அதைத் தோராயப் பை நாளாகக் கொண்டாடுகிறார்கள். கோடை விடுமுறை முடிந்து வகுப்புகள் சூடுபிடித்த நேரம் என்பதால் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு மார்ச் பரீட்சைக் காலத்தைவிட இது நன்றாகப் பொருந்தும். தட்டு, மூடி, வளையல் எது கிடைத்தாலும் நூலால் சுற்றி அளந்து, குறுக்களவால் வகுக்கலாம். சிறிய வட்டத்தில் ஒருவருக்கு 3.0 வரும், இன்னொருவருக்கு 3.3 வரும். நூலின் தடிமனும் ஸ்கேலைப் பிடித்த கையும் அங்கே பெரிய பிழையாகிவிடும். வட்டம் பெரிதாகப் பெரிதாகப் பிழை சுருங்கும். ஆகவே மைதானத்தின் நடுவில் ஒரு முளை அடித்து, 5 மீட்டர் கயிற்றால் வட்டம் போட்டு, சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே டேப்பை வளைத்து அளக்கச் சொல்லுங்கள். பையின் கணக்குப்படி 31 மீட்டர் 42 சென்டிமீட்டர் வர வேண்டும். 22/7 அதைவிட ஒன்றேகால் சென்டிமீட்டர் கூடுதலாகக் காட்டும்.