டைட்டில் தொலைந்த காரும் டெக்சாஸின் பாண்டும்

டெக்சாஸில் பழைய கார் விற்கிறவர் சொல்லும் சாக்குகளில் அடிக்கடி கேட்பது ஒன்று உண்டு: "டைட்டில் வீடு மாறும்போது எங்கேயோ போய்விட்டது, விற்பனைச் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்." விலை மலிவு, வண்டியும் ஓடுகிறது. பணத்தைக் கொடுத்து வண்டியை ஓட்டி வந்துவிடுகிறோம். மாவட்ட வரி அலுவலகத்தில் அந்தச் சீட்டை நீட்டியதும் முதல் கேள்வியே டைட்டில் எங்கே என்பதுதான். அது இல்லாமல் வண்டி உங்கள் பெயருக்கு மாறாது, நம்பர் பிளேட்டும் கிடைக்காது.

நம் ஊரிலிருந்து போனவர்களுக்கு இங்கேதான் முதல் குழப்பம். இந்தியாவில் ஆர்.சி. ஒன்றே பதிவுச் சான்றும் உரிமைச் சான்றுமாக நடமாடுகிறது. கடன் இருந்தால் அதிலேயே 'ஹெச்.பி.' என்று ஏறியிருக்கும். அமெரிக்காவில் இரண்டும் தனித்தனி. ரெஜிஸ்ட்ரேஷன் என்பது சாலையில் ஓட்டுவதற்கான அனுமதி. வண்டி யாருடையது என்பதைச் சொல்வது டைட்டில் மட்டும்தான். விற்கும்போது அதன் பின்புறத்தில் விற்பவர் கையெழுத்திட வேண்டும். கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரோ இன்ஷூரன்ஸ் அட்டையோ உரிமையைக் காட்டாது. விற்பனைச் சீட்டு ஒரு சாட்சியாக உதவும், அதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை.

இந்தச் சிக்கலுக்கு டெக்சாஸ் சட்டம் வைத்திருக்கும் வழிகளில் ஒன்று 'பாண்டட் டைட்டில்'. போக்குவரத்துச் சட்டத்தொகுப்பின் 501.053-ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. டைட்டில் இல்லை என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் கடைசியாகத் தட்ட வேண்டிய கதவு இது. அதற்கு முன் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன, அவை செலவும் குறைவு.

விற்றவரின் பெயரில்தான் அரசுப் பதிவேட்டில் டைட்டில் இருக்கிறது, காகிதம் மட்டும் தொலைந்தது என்றால் பாண்டுக்கு வேலையே இல்லை. அவர் வி.டி.ஆர்-34 என்ற படிவத்தை நிரப்பிச் சான்றிட்ட நகல் வாங்கித் தர வேண்டும். தபாலில் விண்ணப்பித்தால் 2 டாலர், நேரில் போனால் 5.45 டாலர். ஒரு டீக்காசில் முடிகிற வேலையைச் செய்யாமல் காரை விற்க ஒருவர் அவசரப்படுகிறார் என்றால், ஏன் என்று யோசிக்க வேண்டியது வாங்குகிறவர். பெரும்பாலும் காரணம், டைட்டில் அவர் பெயரிலேயே இல்லை என்பதுதான். வேறொருவரிடம் வாங்கி, தன் பெயருக்கு மாற்றாமல், வரியையும் கட்டாமல், அப்படியே அடுத்தவர் தலையில் கட்டிவிடுகிற வழக்கம் அங்கே தாராளமாக இருக்கிறது.

உரிமையாளர் இறந்துபோய், உயில் எதுவும் நீதிமன்றத்துக்குப் போகாத நிலையில், வாரிசுகள் எல்லோரும் நோட்டரி முன் கையெழுத்திடும் வாரிசு உறுதிமொழிப் படிவம் (வி.டி.ஆர்-262) போதும். அப்பா விட்டுப்போன டிரக்குக்கு மகன் பாண்ட் வாங்க அலைவதைவிட, அக்கா தங்கைகளின் கையெழுத்தை வாங்குவது எளிது. அவர்கள் பேசிக்கொள்ளும் நிலையில் இருந்தால், அவ்வளவுதான்.

வண்டி மீது கடன் பதிவாகியிருந்தால் அதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். பதிவேட்டில் பத்து வருடத்துக்குள்ளான கடன் இருந்தால், கடன் கொடுத்த நிறுவனம் 'எங்களுக்கு இனி உரிமையில்லை' என்று எழுதித் தராமல் பாண்டட் டைட்டிலும் கிடைக்காது. பழைய வங்கி இன்னொரு வங்கியோடு சேர்ந்துபோயிருந்தால் இந்த ஒரு கடிதத்துக்கே பல வாரம் ஓடிவிடும்.

இந்த வழிகள் எல்லாம் அடைபட்டால் பாண்ட். பலருக்கும் அது யாருக்கான பாதுகாப்பு என்பதே புரிவதில்லை. காசு கட்டி வாங்குவதால் நமக்கான இன்ஷூரன்ஸ் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. 'இந்த வண்டி என்னுடையது' என்று நீங்கள் சொல்வதை அரசு ஒரு நிபந்தனையோடு நம்புகிறது. உண்மையான உரிமையாளரோ, கடன் கொடுத்தவரோ, உங்களுக்குப் பிறகு இந்த வண்டியை வாங்கியவரோ டைட்டிலில் உள்ள கோளாறால் நஷ்டப்பட்டால், அவர்களுக்கு ஈடு செய்ய ஒரு பணப்பொறுப்பு இருக்க வேண்டும். அந்த நஷ்டத்தில் நியாயமான வக்கீல் செலவும் அடங்கும். இந்தப் பொறுப்பைத்தான் ஷ்யூரிட்டி கம்பெனி ஏற்றுக்கொள்கிறது. ஊரில் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட மாமா பணத்தைக் கட்டிவிட்டு நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருவாரே, அதே கதைதான். கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த தொகையை உங்களிடமிருந்து வசூலிக்கும், அதற்கு நீங்கள் பாண்ட் வாங்கும்போதே எழுதிக் கொடுத்திருப்பீர்கள். காரும் போய், காருக்குக் கொடுத்த பணமும் போய், பாண்ட் கம்பெனிக்கும் கடன்பட்டு நிற்கும் நிலை வரலாம். ஆகவே வண்டி திருட்டு வண்டி இல்லை என்ற நிச்சயம் வேண்டியது முதலில் உங்களுக்கு, அதன் பிறகுதான் அரசுக்கு.

அதைப் பார்க்க வழியிருக்கிறது. 1981-லிருந்து வந்த கார்களில் வாகன அடையாள எண் 17 எழுத்தும் எண்ணுமாக இருக்கும். குழப்பம் வராமலிருக்க அதில் ஆங்கில ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று எழுத்துகளும் வரவே வராது. டேஷ்போர்டில் கண்ணாடிக்கு அடியில் உள்ள எண்ணையும் டிரைவர் பக்கக் கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் அங்கேயே திரும்பிவிடலாம். அமெரிக்காவின் தேசிய இன்ஷூரன்ஸ் குற்றத் தடுப்பு அமைப்பு திருட்டு வண்டிகளையும், விபத்தில் சிதைந்து 'சால்வேஜ்' ஆன வண்டிகளையும் பற்றி இலவசமாகவே பார்த்துச் சொல்லும் வசதி வைத்திருக்கிறது. அதைவிட விரிவானது மத்திய அரசின் தேசிய டைட்டில் தகவல் களஞ்சியம். 1992-ஆம் ஆண்டின் கார் திருட்டுத் தடுப்புச் சட்டத்தால் உருவானது அது. அதன் அறிக்கையைச் சில டாலருக்கு வாங்கலாம். வண்டி எந்த மாநிலத்தில் கடைசியாக டைட்டில் ஆனது, 'சால்வேஜ்' என்ற முத்திரை விழுந்ததா என்பதெல்லாம் அதில் தெரியும்.

எந்த வண்டிக்கும் பாண்ட் போட்டுவிடலாம் என்றும் இல்லை. விண்ணப்பிப்பவர் டெக்சாஸ்வாசியாகவோ, அங்கே பணியில் இருக்கும் ராணுவத்தினராகவோ இருக்க வேண்டும், வண்டி அவர் கைவசம் இருக்க வேண்டும். வழக்கில் சிக்கியதற்கும், இனிப் பழுது பார்க்கவே முடியாது என்று அறிவிக்கப்பட்டதற்கும் இந்த வழி மூடியிருக்கிறது. உங்கள் இடத்தில் யாரோ நிறுத்திவிட்டுப் போன அநாதை வண்டிக்கும் இது கிடையாது. அதற்கு போலீஸில் சொல்ல வேண்டும், வேறு நடைமுறை இருக்கிறது. 'சால்வேஜ்' ஆன வண்டியின் அந்த முத்திரையை பாண்ட் கழுவிவிடாது.

இனி நடைமுறை. டெக்சாஸ் மோட்டார் வாகனத் துறைக்கு மாநிலம் முழுவதும் 16 வட்டார சேவை மையங்கள் இருக்கின்றன. முதல் வேலை அங்கே, வரி அலுவலகத்தில் அல்ல. வி.டி.ஆர்-130-எஸ்.ஓ.எஃப் என்ற படிவத்தில் வண்டி உங்களுக்கு எப்படி வந்தது என்பதை எழுத வேண்டும். அதோடு அடையாள அட்டை, 15 டாலர் கட்டணம், கையிலிருக்கும் ஆதாரம் எல்லாம்: விற்பனைச் சீட்டு, செக் நகல், ரசீது. ரொக்கமாகக் கொடுத்துச் சீட்டும் வாங்காதவர்களுக்கு இந்தக் கட்டத்தில்தான் கை நடுங்கும். வேறு மாநிலத்து வண்டியாக இருந்தாலோ, டெக்சாஸ் பதிவேட்டிலேயே தடயம் இல்லாவிட்டாலோ, பயிற்சி பெற்ற போலீஸ் அதிகாரி வண்டியை நேரில் பார்த்து வி.டி.ஆர்-68-ஏ படிவத்தில் எழுதித் தர வேண்டும்.

எல்லாம் சரியென்றால் துறை ஒரு முடிவறிக்கை தரும். எவ்வளவு தொகைக்குப் பாண்ட் என்று அதில் இருக்கும். வண்டியின் மதிப்பைப் போல ஒன்றரை மடங்கு என்பதே சட்டத்தின் கணக்கு. மதிப்பை நீங்கள் கொடுத்த விலையை வைத்துப் போடுவதில்லை, மாநிலம் தன் 'அனுமான மதிப்பு' அட்டவணையிலிருந்து எடுக்கும். அதில் இல்லாத வண்டிக்குச் சந்தை விலைக் கையேடு, அதிலும் இல்லாவிட்டால் உரிமம் பெற்றவரின் மதிப்பீடு. 25 வயதைத் தாண்டிய வண்டிக்குக் குறைந்த மதிப்பு 4,000 டாலர் என்று எடுத்துக்கொள்வதால் பாண்ட் 6,000-க்குக் குறையாது. கவனிப்பாரற்றுக் கிடந்த பழைய டிரக்கை 500 டாலருக்கு வாங்கியவர் இந்தத் தொகையைப் பார்த்து மலைக்க வேண்டாம். பாண்டின் தொகை வேறு, அதற்கு நாம் கட்டுவது வேறு. சிறிய பாண்டுகளுக்குக் கம்பெனிகள் வாங்குவது பெரும்பாலும் 100 டாலரை ஒட்டியிருக்கும்.

உதாரணத்துக்கு, 4,500 டாலருக்கு வாங்கிய காரின் மாநில மதிப்பு 6,000 என்று வையுங்கள். பாண்ட் 9,000. அதற்கான பிரீமியம் 100 அல்லது சற்று மேலே. மையத்தில் கட்டும் 15, மாவட்டத்தைப் பொறுத்து டைட்டில் கட்டணம் 28 அல்லது 33. பெரிய தொகை விற்பனை வரிதான்: 6.25 சதவீதம். தனியாரிடம் வாங்கும்போது கொடுத்த விலை, மாநில மதிப்பில் 80 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதற்கு வரி. இங்கே 6,000-இல் 80 சதவீதம் 4,800, அதன் வரி 300 டாலர். பதிவுக் கட்டணம் தனி. அதைச் சேர்க்காமல், கார் உங்கள் பெயருக்கு வர மொத்தத்தில் 450-ஐச் சுற்றி. எதிர்பார்த்த அளவுக்குப் பெரிய செலவில்லை, அலைச்சல்தான் அதிகம்.

முடிவறிக்கை கையில் வந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் பாண்ட் வாங்க வேண்டும், வாங்கிய 30 நாளுக்குள் 130-யு என்ற டைட்டில் விண்ணப்பத்தோடு மாவட்ட வரி அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். மூலப் பாண்டைத் தொலைத்துவிடாதீர்கள், பிறகு எல்லாம் மறுபடியும். துறை மறுத்தால் மாவட்ட வரி அதிகாரி முன் விசாரணை கேட்கலாம், அதன் மேல் மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது.

பாண்டின் ஆயுள் மூன்று வருடம். அதற்குள் யாரும் உரிமை கோரி வராவிட்டால் அது காலாவதியாகிவிடும், நிலுவையில் வழக்கு இருந்தாலொழியத் துறை திருப்பியும் தந்துவிடும். அந்த மூன்று வருடத்தில் வண்டியை விற்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் வாங்குகிறவர் முகம் சுளிப்பார், டீலர்கள் விலையைக் குறைப்பார்கள். நியாயம்தானே, உங்களுக்கே ஒரு காலத்தில் வந்த சந்தேகம்தான் அவர்களுக்கும்.

மற்ற மாநிலங்கள் ஒரே மாதிரி இல்லை. கலிஃபோர்னியாவில் வண்டி 5,000 டாலரோ அதற்கு மேலோ பெறும்போதுதான் பாண்ட் கேட்பார்கள். வெர்மான்ட் மாநிலத்தில் 15 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு டைட்டில் இல்லாமலேயே பதிவு தருவார்கள். நாடு முழுவதும் இருந்து ஆட்கள் தபாலில் விண்ணப்பித்துப் பதிவு வாங்கி, அதைக் காட்டிச் சொந்த மாநிலத்தில் டைட்டில் எடுத்த காலம் ஒன்று இருந்தது. 2023-இல் வெர்மான்ட் வெளியூர்க்காரர்களுக்கு அந்தக் கதவை மூடிவிட்டது. இன்னமும் அதைச் சொல்லிப் பணம் கேட்கும் 'சேவை' நிறுவனங்கள் கண்ணில் பட்டால் விலகிப் போங்கள்.

பழைய கார் வாங்கப் போகிறீர்கள் என்றால், பணத்தைக் கொடுக்கும் முன் விற்பவரை உங்களோடு மாவட்ட வரி அலுவலகத்துக்கு வரச் சொல்லுங்கள். வாகனத் துறையும் இதைத்தான் சொல்கிறது. பதிவு உங்கள் பெயருக்கு மாறினால் பிறகு வரும் டோல், பார்க்கிங் அபராதம் எதுவும் அவர் பெயரில் போகாது, ஆகவே அவருக்கும் லாபம்தான். வரமாட்டேன் என்கிறவரின் காரை, எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் வாங்காதீர்கள்.