களைச்செடிக்கும் ஒரு விலை உண்டு

இலையுதிர் காலம் தொடங்கியதும், தெற்கு கனடாவிலிருந்தும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலிருந்தும் மோனார்க் வண்ணத்துப்பூச்சிகள் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. ஒரு கிராம் எடைகூட இல்லாத இவற்றுள் சில, 4,000 கி.மீ.க்கும் அதிகமாகப் பறந்து நடு மெக்சிகோவின் மலைக்காடுகளை அடைகின்றன. அங்குள்ள ஓயாமெல் மரங்களில் கொத்துக் கொத்தாகத் தொங்கியபடி குளிர்காலத்தைக் கழிக்கின்றன.

இவற்றை ஒவ்வொன்றாக எண்ண இயலாது. எனவே, அவை அடர்ந்து தங்கும் காட்டின் பரப்பையே ஆய்வாளர்கள் அளக்கிறார்கள். 1996-97 குளிர்காலத்தில் அந்தப் பரப்பு 18 ஹெக்டேர். 2013-14-இல் வெறும் 0.67 ஹெக்டேர், 2024-25-இல் 1.79 ஹெக்டேர். ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கம் இருப்பினும், பழைய நிலை திரும்பவில்லை.

காடழிப்பு, பருவநிலை மாற்றம், பூச்சிக்கொல்லி எனக் காரணங்கள் பல. அவற்றுள் முக்கியமானது, அமெரிக்காவின் மக்காச்சோள வயல்களில் நிகழ்ந்த மாற்றம். மோனார்க்கின் புழு 'மில்க்வீட்' எனும் செடியினத்தின் இலைகளை மட்டுமே உண்ணும். ஒடித்தால் பால் வடியும் இச்செடி, நம் ஊர் எருக்கின் உறவு. உழுதாலும் வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும் இக்களை, பல்லாண்டுகளாகப் பயிர்களுக்கு இடையே தாக்குப்பிடித்து வந்தது.

களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு மாற்ற சோயா 1996-இலும், அடுத்த சில ஆண்டுகளில் மக்காச்சோளமும் சந்தைக்கு வந்தன. கிளைபோசேட்டைத் தெளித்தால் பயிர் நிற்கும், மற்றவை மடியும். 1999-க்கும் 2010-க்கும் இடையே அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் மில்க்வீட் 58 விழுக்காடு குறைந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர்.

இதில் விவசாயியைக் குறை கூறுவது எளிது, ஆனால், நியாயமன்று. அவர் தம் செலவைக் குறைத்துக்கொண்டார். வண்ணத்துப்பூச்சிக்கு ஏற்பட்ட இழப்பு அவருடைய வரவு-செலவுக் கணக்கில் இடம்பெறவே இல்லை. பொருளியலில் இதைப் 'புறவிளைவு' என்கிறோம். மோனார்க்குகளைப் பாதுகாக்க அமெரிக்கக் குடும்பங்கள் தரத் தயாராக உள்ள மொத்தத் தொகை 400 கோடி டாலருக்கும் மேல் என்று 2014-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. மக்கள் மதிக்கிறார்கள், ஆனால், அந்த மதிப்பை வயலின் உரிமையாளரிடம் கொண்டுசேர்க்கும் சந்தை இல்லை.

இந்த இடைவெளியைத் தம்மால் இயன்ற அளவு நிரப்பத் தனிமனிதர்கள் முன்வந்துள்ளனர். கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் இயங்கும் 'மோனார்க் வாட்ச்' அமைப்பு, வீட்டுத் தோட்டங்களையும் பள்ளி வளாகங்களையும் இப்பூச்சிகளின் வழித்தங்கல்களாக மாற்றும் திட்டத்தை 2005-இல் தொடங்கியது. இத்தகைய தோட்டத்துக்குத் தேவையானவை மிகச் சிலவே: நல்ல வெயில், முட்டையிட மில்க்வீட், வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை அடுத்தடுத்துப் பூக்கும் தேன்மலர்கள். நெடும்பயணத்துக்கு வேண்டிய கொழுப்பைச் சேர்க்க, ஆஸ்டர் போன்ற பிந்திப் பூக்கும் செடிகள் இன்றியமையாதவை. பூச்சிக்கொல்லி அறவே கூடாது. நாற்றங்காலில் மருந்தடித்த செடியும் புழுவைக் கொல்லும். இத்தோட்டங்களால் காட்டுத் தேனீக்களும் பயன்பெறுகின்றன. மகரந்தச் சேர்க்கையில் மோனார்க்கைவிட அவற்றின் பங்கே பெரிது.

எந்த மில்க்வீட் என்பதும் முக்கியம். செம்மஞ்சள் பூக்கள் கொண்ட வெப்பமண்டல வகை எளிதில் வளரும். நாற்றங்கால்களில் தாராளமாகக் கிடைக்கும். ஆனால், குளிர் குறைந்த தென் மாநிலங்களில் அது பட்டுப்போவதில்லை. ஆண்டு முழுவதும் நிற்கும் இலைகளில் ஒட்டுண்ணியின் வித்துகள் சேர்ந்து புழுக்களைத் தாக்குகின்றன. சில பூச்சிகள் பயணத்தையே கைவிட்டு அங்கேயே தங்கிவிடுகின்றன. அந்தந்த மண்ணுக்குரிய வகையை நடுவதே பாதுகாப்பு.

எனினும், தோட்டங்கள் மட்டும் போதா. இழப்பை ஈடுசெய்ய 100 கோடிக்கும் மேற்பட்ட மில்க்வீட் தண்டுகள் புதிதாகத் தேவை என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அவ்வளவு இடம் வயலோரங்களிலும் சாலையோரங்களிலும் மின்பாதைகளின் அடியிலும்தான் உண்டு. அதற்கான வழிமுறைகளும் உள்ளன. நிலத்தைப் பயிரிடாமல் புல்வெளியாக விடும் விவசாயிக்கு வாடகை தரும் திட்டம் அமெரிக்காவில் 1985 முதல் நடைமுறையில் உள்ளது. மின் நிறுவனங்களும் சாலைத் துறைகளும் தம் நிலங்களில் வாழிடம் பேணினால், பிற்காலத்தில் கூடுதல் கட்டுப்பாடுகள் விதிக்கப்படா என்று உறுதியளிக்கும் உடன்பாடு 2020-இல் உருவானது.

2024 டிசம்பரில், மோனார்க்கை அழிவின் அச்சுறுத்தலுக்கு உள்ளான உயிரினமாக அறிவிக்க அமெரிக்க வனவுயிர்த் துறை முன்மொழிந்தது. சட்டம் தடைகளை விதிக்கலாம். ஆனால், வயலோரத்தில் ஒரு செடியை வளர்க்கச் சொல்லி எவரையும் அது எளிதில் கட்டாயப்படுத்த இயலாது. களையை விட்டுவைப்பது, அதைக் கொல்வதைவிட விவசாயிக்கு ஆதாயமானதாக வேண்டும். அந்தச் செலவை, வண்ணத்துப்பூச்சி வேண்டும் என்று விரும்பும் சமூகமே ஏற்க வேண்டும்.