ஏரித் தண்ணீரில் குளிரும் பல்கலைக்கழகம்

 

"சுற்றுச்சூழலைக் காப்போம்" என்று நாம் எத்தனையோ கட்டுரை எழுதியிருக்கிறோம், பேச்சுப் போட்டியிலும் பேசியிருக்கிறோம். ஆனால் இதைச் சொல்லிக் கொடுக்கிற இடங்கள் அப்படி நடக்கின்றனவா? ஒரு பெரிய பல்கலைக்கழகம் சின்ன ஊர் மாதிரி. விடுதி, சமையல்கூடம், ஆய்வுக்கூடம், நூலகம் எல்லாம் உண்டு. அத்தனைக்கும் கரண்டும் தண்ணீரும் வேணும். குப்பையும் அதே அளவுக்குச் சேரும்.

இதை யோசித்துத்தான் 1990-ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டில் தல்வார் என்ற ஊரில் 22 பல்கலைக்கழகத் தலைவர்கள் கூடி, பத்து அம்ச உறுதிமொழி எழுதினார்கள். பாடத்தில் சேர்த்தால் மட்டும் போதாது, வளாகத்தை நடத்தும் முறையிலேயே சிக்கனமும் மறுசுழற்சியும் வேண்டும் என்பது அதில் ஒன்று. இன்றுவரை 500-க்கும் மேற்பட்ட கல்வி நிறுவனங்கள் அதில் கையெழுத்திட்டுள்ளன.

கையெழுத்துப் போடுவது சுலபம். செயலில் எப்படி இருக்கும்? அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் இதாக்கா என்ற ஊரில் கார்னெல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே கோடையில் கட்டடங்களைக் குளிர வைக்கப் பெரிய பெரிய இயந்திரங்கள் ஓடின. கரண்டு ஏராளமாகச் செலவானது. ஆனால் மலைக்குக் கீழேயே கயூகா என்ற ஆழமான ஏரி கிடந்தது!

தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் அதிக அடர்த்தியா இருக்கும்னு அறிவியல் பாடத்துல படிச்சோமே, ஞாபகம் இருக்கா? குளிர்காலத்தில் ஏரித் தண்ணீர் குளிர்ந்து கனமாகி அடிக்குப் போய்விடும். வெயில்காலத்தில் மேல்தண்ணீர் சூடானாலும் அது லேசானது, மேலேயே நிற்கும். அதனால் அடித்தண்ணீர் வருஷம் முழுக்கச் சில்லென்றே இருக்கும்.

சுமார் 250 அடி ஆழத்திலிருந்து அந்தத் தண்ணீரைக் குழாய் வழியாகக் கரைக்குக் கொண்டு வருகிறார்கள். வளாகத்தைச் சுற்றி வந்த தண்ணீர் வேறொரு குழாயில் வரும். இரண்டும் கலப்பதில்லை, நடுவில் மெல்லிய உலோகத் தகடு உண்டு. சூடான பால் டம்ளரை அம்மா தண்ணீர்க் கிண்ணத்துக்குள்ள வெச்சு ஆத்துவாங்களே, அதே வேலைதான்! பாலும் தண்ணீரும் கலக்காது, சூடு மட்டும் மாறும். பிறகு ஏரித் தண்ணீர் ஏரிக்கே திரும்பிவிடும்.

2000-ஆம் ஆண்டு இது தொடங்கியது. குளிர வைக்க ஆன மின்சாரத்தில் ஏறக்குறைய 85 சதவீதம் மிச்சமானது.

ஆனால் ஊர் மக்களில் சிலர் எதிர்த்தார்கள். "அடித்தண்ணீரில் பாஸ்பரஸ் இருக்கும். அதை ஆழமில்லாத கரையோரத்தில் விட்டால் பாசி பெருகாதா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதானே! நல்ல காரியம் என்பதற்காக ஏரியைக் கெடுக்க முடியுமா? அதனால் பல்கலைக்கழகம் பல வருடம் ஏரித் தண்ணீரை அளந்து, கிடைத்ததை அறிக்கையாக வெளியிட்டது. 2013-இல் மாநிலச் சுற்றுச்சூழல் துறை அனுமதியைப் புதுப்பித்தபோது, பாஸ்பரஸுக்கு வரம்பு வைத்து, ஏரியை இன்னும் ஆராயவும் சொன்னது.

அதோடு நிற்கவில்லை. குளிர்காலத்தில் கட்டடங்களைச் சூடாக்கப் பூமிக்கடியில் உள்ள வெப்பம் உதவுமா என்று பார்க்க, 2022-இல் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டார்கள்.

எனக்கு இதில் பிடித்தது இயந்திரம் அல்ல. கையருகே என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். செய்ததை அளந்தார்கள். அளந்ததை எல்லாருக்கும் காட்டினார்கள். இந்த மூன்றுக்கும் பெரிய பணம் வேண்டுமா என்ன?

நம்ம பள்ளியில் ஏரியும் இல்லை, ஏசியும் இல்லை. ஆனால் மதியம் சாப்பிட்டுத் தட்டு கழுவுகிற தண்ணீர் தினமும் ஓடுகிறது. அதை வாய்க்கால் வெட்டி மரக்கன்றுக்குத் திருப்பலாம். மாதாமாதம் மின்மீட்டர் கணக்கை எடுத்து இந்தச் சுவரிலேயே எழுதி ஒட்டலாம். போன மாதத்தைவிடக் கூடினால் ஏன் என்று நாமே கேட்கலாம். ஆசிரியர்கள் அனுமதி கொடுத்தால் முதல் மாதக் கணக்கை ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் நாங்கள் எழுதுகிறோம்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி