ஒரே தறப்பாளின் கீழ் ஒருவருக்கு மட்டும் ஏன் நோய்? சுண்டெலிகள் தரும் விடை

ஒரே தறப்பாளின் கீழ் படுத்த இருவரில் ஒருவருக்கு நோய் வந்து மற்றவருக்கு வராமல் போனதை முகாம் வாழ்க்கை அறிந்த பலரும் கண்டிருப்பர். "அவருக்கு உடம்பு தாங்காது" என்று சொல்லிவிட்டுக் கடந்துவிடுவோம். உடம்பு தாங்குவது என்றால் என்ன? நான் வாசித்தவற்றில் தெளிவான விடை சுண்டெலி ஆய்வுகளில்தான் கிடைத்தது.

லீஷ்மேனியா என்பது மணல் ஈ கடிப்பதால் பரவும் ஒட்டுண்ணி. இலங்கையில் உள்ளூர்த் தொற்று 1992இல் முதன்முதலாகப் பதிவானது. போர்க்காலத்தில் வடக்கில் நிலைகொண்டிருந்த படையினர் பலருக்கும் அது தோல் புண்ணாக வந்தது. இங்குள்ள இனம் லீஷ்மேனியா டொனோவனி.

1970களில் பிரித்தானிய ஆய்வாளர் டேவிட் பிராட்லி இதே இனத்தைச் சுண்டெலிகளுக்கு ஏற்றிப் பார்த்தார். சில வம்ச எலிகளின் ஈரலில் ஒட்டுண்ணி மளமளவெனப் பெருகியது. வேறு சிலவற்றில் அடங்கிக் கிடந்தது. காரணம் ஒரே ஒரு மரபணு. 1993இல் மொன்றியல் ஆய்வாளர்கள் அதை இனங்கண்டனர். ஒட்டுண்ணியை விழுங்கிய வெள்ளணு, அதை அடைத்து வைத்திருக்கும் பையிலிருந்து இரும்பு, மங்கனீசு போன்றவற்றை வெளியே இறைக்கிறது. அதற்கான புரதத்தை உருவாக்குவது இந்த மரபணு. ஒட்டுண்ணியைப் பட்டினி போடும் வேலை என்றே சொல்லலாம். புரதத்தின் 169ஆவது அமினோ அமிலம் மாறியிருந்தால் அந்த வேலை நடக்காது.

ஆனால் இந்த மரபணு பழுதான எலிகள் எல்லாம் ஒரே மாதிரி நோய்ப்படவில்லை. சில வாரங்கள் கழித்து, அவற்றில் ஒரு பகுதி தாமாகவே தேறின. மற்றவற்றில் ஒட்டுண்ணி தங்கிவிட்டது. இதைத் தீர்மானித்தது எச்-2 என்ற வேறொரு மரபணுத் தொகுதி. தொடக்கம் ஒன்றின் கையில், முடிவு இன்னொன்றின் கையில்.

பிராக் நகரில் மரி லிபோல்டோவாவின் குழு, லீஷ்மேனியா மேஜர் என்ற உறவினத்தை எடுத்துக்கொண்டு இன்னும் ஆழமாகப் போனது. எளிதில் நோய்ப்படும் வம்சத்தில், எதிர்ப்புள்ள வம்சத்தின் மரபணுக்கள் எட்டில் ஒரு பங்கு மட்டும் கலந்த எலிகளை அவர்கள் ஆராய்ந்தனர். சில மரபணுக்கள் தனியே நின்றால் ஒன்றும் செய்யவில்லை. குறிப்பிட்ட இன்னொரு மரபணு சேர்ந்தபோதுதான் அவற்றின் விளைவு தெரிந்தது. தோல் புண்ணுக்கு ஒரு சேர்மானம், மண்ணீரல் வீக்கத்துக்கு வேறொன்று.

"எங்கள் பரம்பரைக்கு இது வராது" என்ற பேச்சு இங்கேதான் அடிபடுகிறது. தாயிடம் பாதி, தந்தையிடம் பாதி வாங்கும் பிள்ளையில் சேர்மானம் கலைந்துவிடும். அதோடு, ஆய்வுகூட எலிகளுக்கு ஒரே கூடு, ஒரே தீனி. மனிதருக்கு அப்படியில்லை, டொனோவனி உள்ளுறுப்புகளைத் தாக்கும் நாடுகளில் ஊட்டக்குறைவுள்ள பிள்ளைகளே அதிகம் நோய்ப்படுகின்றனர்.

இங்கு வரும் புண் பெரும்பாலும் வலிக்காது, அரிக்காது. அதனால்தான் பலர் மாதக்கணக்கில் கவனியாமல் விடுகின்றனர். புண்ணில் ஊசி மருந்து ஏற்றியோ குளிரால் உறைய வைத்தோ அதைக் குணப்படுத்தலாம்.